தொட்டிக்குள் தட்டான்

ஞாயிறு. தகரக் கூரையில் தூறல்.

முதலில் வெட்கக்கேடு. என் மீன் தொட்டியிலிருந்து பதினோரு கப்பி மீனைத் திருடிப் பொரித்து, சரக்குக்குத் தொட்டுக்கொண்டாய் என்று மச்சான் ஆல்பர்ட்டின் சட்டையைப் பிடித்தவன் நான்தான். சர்ச் வாசலில். இரண்டு பித்தான் கையோடு வந்தது.

"கப்பியப் பொரிச்சா பல்லுக்குள்ள பூடும் மாமா. உனுக்கு இன்னா பைத்தியமா?"

நியாயமான கேள்வி. அவன் அக்கா, அதாவது என் மனைவி ரோஸி, பாட்டுப் புத்தகத்தால் இருவரையும் அடித்தாள். எனக்கு ஒன்று கூடுதல்.

திங்கள். வெயில்.

கொலைகாரன் அகப்பட்டான்! தட்டான் குஞ்சு. ஏரியிலிருந்து நானே அள்ளி வந்த பாசிக்குள். அரைச் சுண்டுவிரல் நீளம், சேற்று நிறம். கீழுதட்டை முகமூடி மாதிரி மடித்து வைத்திருக்கிறான். பன்னிரண்டாவது மீன் அருகில் வந்தது. உதடு பாய்ந்தது, சுரங்கத்தில் ஆளிறக்கும் கேஜ் கயிறறுந்து ஷாஃப்டில் விழுகிற வேகம். தலையிலிருந்து தின்றான். வால் கடைசிவரை ஆடிக்கொண்டே இருந்தது. அருவருப்பு என்று எழுத வேண்டும். ஆனந்தம்.

ஆல்பர்ட்டிடம் மன்னிப்பு: நாளை.

செவ்வாய். காற்று.

இன்னும் குஞ்சு இருக்கிறதா? தொட்டி மணலைப் பின்பக்கம் கொண்டுபோய், பேசினில் கொட்டி, டீ வடிகட்டியில் அரித்தேன். பூதக்கண்ணாடி, டார்ச், ரோஸி புருவம் பிடுங்கும் இடுக்கி. இல்லை. அவன் ஒருத்தன்தான். நாற்பது படம், தேறியது இரண்டு.

பக்கத்துச் சுரங்கமான கோரமண்டலில் இருக்கும் கூட்டாளி சேகருக்கு போன். "தட்டான் உள்ளதான் இருக்கான். வெளிய வர்ற நாள் வந்தாச்சி. யார்கிட்டயும் சொல்லாத."

ஐம்பத்திரண்டு வயதில் நான் முழுதாக முடித்த காரியம் ஒன்றுமில்லை என்பது ரோஸியின் கட்சி. அவன் தோலைக் கிழித்து வெளியே வரும் நிமிடத்தைப் படம் பிடிப்பேன். இது ஒன்றாவது.

மன்னிப்பு: நாளை.

புதன். மேகம்.

தெருக்குழாயில் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவின் குரல். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே சுவர்.

"மண்ண அரிக்கிறாரு. கண்ணாடி வெச்சினு பாக்கறாரு. உள்ள ஒரு தட்டான வேற ஒளிச்சி வெச்சிக்கிறாரு. போன்ல சொன்னாரு, என் காதால கேட்டேன்."

"ஐயய்யோ, அப்போ தங்கந்தான்!"

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் ஒருவன் மண்ணை அரித்துவிட்டுத் தட்டான் என்றால் யாருக்குப் பூச்சி ஞாபகம் வரும்? நகை செய்கிறவன்தான். திருத்தியிருக்கலாம். இரண்டு நாளாவது மரியாதை கிடைக்கட்டுமே என்று விட்டுவிட்டேன். கன்னியம்மா "வாங்க சார்" என்றாள். இருபது வருஷத்தில் முதல் தடவை.

வியாழன். பனி.

விடிந்து பார்த்தால் நான் நட்டு வைத்த குச்சியில் ஏறி, தண்ணீருக்கு மேலே! அசைவில்லை. இதோ வரப்போகிறான். அவன் முகத்துக்கு நேராக ஸ்டூல். சாப்பாடு ஸ்டூலிலேயே. எண்பத்தாறு படம்.

மூன்று மணி. ஆல்பர்ட், கையில் கடப்பாரை.

"எங்கப்பன் வூட்டு மண்ணு மாமா. எனுக்குப் பாதி. தட்டான் எங்க?"

"தொட்டியில."

"இன்னா, கிண்டலா?"

கடப்பாரை. கண்ணாடி. தண்ணீர் கட்டிலுக்கடியில். குச்சி எங்கேயோ. நான் அவன் காதைக் கடித்தேன், எழுதவே கூசுகிறது. அவன் குத்தியதில் வாயெல்லாம் ரத்தம். "ஐயோ, தட்டானக் கொன்னுட்டான்!" என்று நான் அலறியதுதான் பெரிய தப்பு. லைன் வீட்டு சனம் மொத்தமும் ஓடி வந்தது. கன்னியம்மா குனிந்து கட்டிலுக்கடியில் பிணம் தேடினாள். "காலு தெரியுது!" என்றாள். என் செருப்பு.

வெள்ளி. வானம் சுத்தம்.

முன்பல் ஆடுகிறது. ஆல்பர்ட் காதில் மூன்று தையல். ரோஸி இருவரிடமும் பேசுவதில்லை. மிச்சமிருக்கும் நான்கு கப்பி சொம்பில்.

நேற்றைய முதல் படத்தை போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டூல் போடுவதற்கு முன் பக்கவாட்டில் எடுத்தது. காலை 6.40. முதுகில் நீளமாக ஒரு பிளவு. வெள்ளை நூல் இரண்டு தொங்குகிறது. தோலுக்குள் யாருமில்லை.