இரட்டைப் பிள்ளைகளில் மூத்தது

சேசு மரி சூசை துணை

தங்கச்சிமடம்
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது

என் தங்கமான பேத்தி ஜோஸ்லினுக்கு, உன் அம்மாச்சி சலேத் மேரி வாய் கொள்ளாத சிரிப்போடு எழுதும் கடிதம். இங்கே எல்லோரும் சுகம். பெரிய அம்மாச்சிக்கு அது இரட்டைச் சுகம். ஏன் என்று கீழே வரும். உனக்கு அந்தப் பெங்களூர்க் குளிர் ஒத்துக்கொள்கிறதா? தலையில் துணி கட்டாமல் வெளியே போகாதே. ஆஸ்டல் சாம்பாரில் சர்க்கரை போடுகிறார்களாமே, உன் அம்மா சொன்னாள். அடுத்த வாரம் கருவாடு அனுப்புகிறேன். பக்கத்து அறைப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்தால் பிடிக்கட்டும்.

போனில் சொல்லாமல் ஏன் காகிதம் என்று கேட்பாய். போனை எடுத்தாலே உன் பெரிய அம்மாச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "ஸ்பீக்கர்ல போடுடி, என்னையப் பத்தி என்னத்தப் பேசுறேன்னு கேக்கணும்" என்கிறாள். தொண்ணூற்றாறு வயதில் எழுத்து வாசிக்கக் கண் மங்கியது, காது மங்கவில்லை. அதனால்தான் அஞ்சாம் வகுப்பில் விட்ட எழுத்தை மறுபடி பிடித்தேன். தப்பிருந்தால் திருத்தி வாசித்துக்கொள்.

உன் வேலையைப் பற்றி நான் சொல்லாத ஆள் இந்தத் தீவில் கிடையாது. தொண்ணூறு தாண்டினவர்கள் எப்படி இவ்வளவு காலம் திடமாக இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிற கூட்டத்தில் என் பேத்தி இருக்கிறாள் என்று மீன் கடையில்கூடச் சொன்னேன். மீன்காரி முருகம்மாள், "கண்டுபிடிச்சு என்ன செய்யப் போறாக? எங்க மாமியா ஒருத்தி இருக்கது காணாதாக்கும்?" என்று கேட்டாள். அவளுக்குப் பொறாமை. நீ பட்டம் வாங்கின போட்டோவைப் பையிலேயே வைத்திருக்கிறேன், எடுத்துக் காட்டினேன். வாயை மூடிக்கொண்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் பெரிய அம்மாச்சியான என் அம்மாவும் சவேரியார் மாமாவும் இரட்டைப் பிள்ளைகள், இந்த வயதில் இரண்டு பேரும் நடமாடுவது அபூர்வம், ஒரே நாளில் ஒரே இடத்தில் வந்து சோதனைக்கு உட்கார்ந்தால் உங்கள் ஆராய்ச்சிக்குப் பெரிய உதவி என்று போனில் கெஞ்சினாய். சொந்தக்காரியான நீ வரக்கூடாது, சிநேகிதி மாலதி டாக்டர் வருவாள், அவளுக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றும் சொன்னாய். சரி தாயி என்று சொல்லிவிட்டு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. அவர்கள் பேச்சு நின்றபோது நீ தவழ்கிற பிள்ளை.

அவர்கள் சண்டை வயலுக்கோ வள்ளத்துக்கோ இல்லை. யார் மூத்தவர் என்பதுதான் சண்டை. கோயில் புத்தகத்தில் இரண்டு பேருக்கும் ஒரே நாள் ஞானஸ்நானம், அதில் முந்தியவர் பிந்தியவர் எழுதவில்லை. முதலில் வெளியே வந்தது அம்மாதான், அதை மாமாவே ஒத்துக்கொள்வார். ஆனால் இரட்டையில் பிந்தி வந்ததுதான் மூத்தது என்று அந்தக் காலத்துக் கிழவிகள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். "வள்ளத்துல முதல்ல ஏத்துன சாமான் கடைசியிலதான எறங்கும்? அப்ப நாந்தான மூத்தவன்?" என்பார் மாமா. "முதல்ல அழுதவ நான். ஒனக்கு வழி காட்டுனவ நான்" என்பாள் அம்மா. உடனே மாமா, "அக்காவாமுல்ல அக்கா! அக்கான்னா பக்கத்து ஊரு அக்காமடத்துல குடியிருக்க வேண்டியதுதான, தங்கச்சிமடத்துல என்ன சோலி?" என்று கேட்டு ஊரைச் சிரிக்க வைப்பார்.

சிரிப்பாகத்தான் இருந்தது. அவர்களுக்கு மேலே ரோசம்மாள் பெரியம்மா இருந்தவரை கிறிஸ்துமஸ் காலையில் இரண்டு பேரும் அவள் வீட்டுக்குப் போய்க் கை கூப்பி, "தோத்திரம்" சொல்லி, நெற்றியில் சிலுவை வாங்கிக்கொண்டு வருவார்கள். இளையவர்தானே மூத்தவர் வீடு தேடிப் போக வேண்டும், அதுதானே நம் வழக்கம். பெரியம்மா செத்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அம்மா புதுச்சேலை கட்டி, தம்பி வருவான் என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பாம்பனில் மாமா புதுவேட்டி கட்டி, தங்கச்சி வருவாள் என்று உட்கார்ந்திருந்தார். யாரும் போகவில்லை. இரண்டு வீட்டிலும் பலகாரம் ஆறிப்போனது. அடுத்த வருஷமும் அப்படியே. அதற்குப் பிறகு ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. கல்யாண வீட்டில் பார்த்தால், "ஒங்க அம்மாவைச் சாப்பிடச் சொல்லு" என்று மாமா என்னிடம் சொல்வார், அம்மா அவருக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருப்பாள்.

இப்படிப்பட்டவர்களை ஒரே கூடத்துக்கு எப்படிக் கூட்டிவருவது? முதலில் பாம்பனுக்குப் போனேன். "மாமா, டாக்டர் வாரா. அம்மா திடமா இருக்கா, நீங்க தேறமாட்டீகன்னு பேசிக்கிறாக" என்றேன். "எவன் சொன்னது?" என்று கம்பைத் தேடினார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "மாமா வாராராம், நீ பயந்துக்கிட்டு வரமாட்டேன்னு சொல்லிட்டாரு" என்றேன். விடிவதற்குள் தலை சீவி உட்கார்ந்துவிட்டாள். பொய்தான். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். அவரும் சிரித்துவிட்டார்.

வியாழக்கிழமை கோயில் கூடத்தில் சோதனை. மாமாவை ஹமீது சுல்தான் தன் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். மாலதி நல்ல பிள்ளை, உன்னைப் போலவே வேகமாகப் பேசுகிறாள், கொஞ்சம் மெலிவு. கையில் ஒரு பிடியைக் கொடுத்து முடிந்தமட்டும் அமுக்கச் சொன்னாள். மாமா பல்லைக் கடித்து அமுக்கினார். அம்மா தன் முறை வந்ததும் இரண்டு கையாலும் அமுக்கப் பார்த்தாள். "ஒரு கை, பாட்டி" என்று மாலதி சொன்னதும் அந்தப் பக்கமிருந்து மாமா, "கள்ளாட்டம்! சின்னதுலேர்ந்தே இப்புடித்தான்" என்று கத்தினார். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்காரச் சொன்னாள். போதும் என்ற பிறகும் இரண்டு பேரும் நிறுத்தவில்லை. படகு, ரயில், மாம்பழம், மூன்றையும் ஞாபகம் வைத்துச் சொல்லுங்கள் என்று அம்மாவிடம் கேட்டாள். "படகு, ரயிலு. மாம்பழத்தக் கண்ணுல காட்டாம ஞாபகம் வையின்னா எப்புடிடி வைப்பேன்?" என்றாள். மாலதி சிரித்துச் சிரித்துப் பேனாவைக் கீழே போட்டுவிட்டாள்.

பிறகு கேள்விகள். யாரை முதலில் கேட்பது? அம்மா, "சின்னவன் முதல்ல போகட்டும், பாவம்" என்றாள். மாமா, "பெரியவனத்தான முதல்ல கூப்புடுவாக" என்று எழுந்து போனார். இரண்டு பேருக்கும் திருப்தி.

இவ்வளவு காலம் இருக்க என்ன காரணம் என்று மாலதி கேட்டாள். "நான் முந்திப் போயிட்டா, அவதான் மூத்தவன்னு ஊரெல்லாம் சொல்லிருவா. அதுக்கு எடம் குடுக்கக் கூடாதுன்னு கஞ்சியக் குடிச்சுக்கிட்டுக் கெடக்கேன்" என்றார். தாயி, உங்கள் ஆராய்ச்சிக்கு இது பயன்படுமா?

அதற்கு அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. அந்தக் கேள்வியை எழுதினது நீதான் என்று மாலதி பிறகு சொன்னாள். நல்லது கெட்டதுக்குப் போய் யோசனை கேட்க, உங்களைவிட மூத்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? மாமா நெஞ்சை நிமிர்த்தி, அம்மாவுக்குக் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னார். "எனக்கு மேல ஒருத்தரும் கெடையாதும்மா. இந்தக் கரைக்கே மூத்தவன் நாந்தான்." மாலதி எழுதிக்கொண்டே, ஒருத்தரும் இல்லையா ஐயா என்று இன்னொரு முறை கேட்டாள். இந்தத் தடவை குரல் எழும்பவில்லை. "இல்லம்மா. எல்லாரும் போயிட்டாக" என்றார்.

அம்மாவைக் கூப்பிட்டாள். மற்றக் கேள்விக்கெல்லாம் வெடுக்கு வெடுக்கென்று பதில் சொன்னவள், இந்தக் கேள்விக்கு வாயைத் திறந்தாள், மூடினாள். காது கேட்கவில்லையோ என்று மாலதி குனிந்து மறுபடி கேட்டாள். "கேட்டுச்சுத்தா" என்றாள் அம்மா. பிறகு, "இருக்கான்" என்றாள். "யாரு பாட்டி?" "அந்தா, சட்டைப் பித்தான மாத்திப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கானே. அவந்தான். எங்க அண்ணன்."

அம்மா நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். நான் தாங்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். நேராக மாமா முன்னால் போய் நின்று கை கூப்பினாள். "தோத்திரம் அண்ணே" என்று தலையைக் குனிந்தாள்.

மாமா அவளைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். கை மேலே வரவில்லை. வந்தபோதும் கண் என் மேலேயே இருந்தது, சிலுவை போடுகிற பெருவிரல் நெற்றியை விட்டு இறங்கி அவள் கண்ணைக் குத்தப் போனது. "ஏலே, பாத்துப் போடுல, கண்ணு அவிஞ்சிரும்!" என்றாள் அம்மா, அண்ணன் என்று சொல்லி வாய் மூடுவதற்குள். மாமா சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை, எனக்குக் கண் மறைத்தது. மாலதியும் மூக்கை உறிஞ்சினாள். உங்கள் கூட்டத்தில் டாக்டர்கள் அழலாமா?

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன், என்னம்மா திடீரென்று விட்டுக்கொடுத்துவிட்டாய் என்று. "அக்கா போனதுலேர்ந்து என் நெத்தியில ஒரு கை படலடி. சாமியாரு போடுவாரு, அவருக்கு என் பேரன் வயசு. மேல ஒருத்தரும் கெடையாதுன்னு அவன் சொன்னானா, நானும் அதையேதான் சொல்ல வாயெடுத்தேன். அதுல என்ன பெரும இருக்குன்னு இருந்துச்சு. எனக்குன்னு ஒருத்தன் மூத்தவனா இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள்.

கதை முடிந்தது என்று நினைத்தாயா? வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் ஆட்டோ சத்தம். பார்த்தால் மாமா. கையில் ஒரு பெரிய விளமீன். நம் வீட்டு வாசல்படியில் காலை வைத்து ஏறி வந்தார் ஜோஸ்லின், நான் சமையலறையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். மீனை என்னிடம் கொடுத்துவிட்டு அம்மா முன்னால் போய், "யோசிச்சுப் பாத்தேன். முதல்ல அழுதவதான் மூத்தவ. தோத்திரம் அக்கா" என்று தலையைக் குனிந்தார்.

அம்மாவுக்கு வந்ததே கோபம்! "போல அங்கிட்டு! வள்ளத்துல முதல்ல ஏத்துனதுதான் கடைசியில எறங்கும், நீதான சொன்ன? நேத்து அண்ணன்னு சொல்லி எழுதியாச்சு, இனி மாத்த ஏலாது." மாமா விடவில்லை. "ஒனக்கு மட்டும் ஒரு மூத்தவன் வேணும், எனக்கு வேணாமாக்கும்? நான் எங்கன போவேன்?" என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே கையை நீட்டி அவர் நெற்றியில் சிலுவை போட்டாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டார்கள். நடுத்துண்டை ஒருவர் இலைக்கு ஒருவர் தள்ளித் தள்ளி அது தூளாகிவிட்டது.

இன்று வரை அந்தச் சண்டை ஓயவில்லை. ஆனால் இப்போது இரண்டு பேரும் நான்தான் இளையவன், நான்தான் இளையவள் என்கிறார்கள். மாலதி போன் செய்து, முந்திப் பிறந்தவர் இன்னார் என்று எழுத வேண்டும், ஒரு முடிவைச் சொல்லுங்கள் என்றாள். முந்தி வெளியே வந்தது அம்மா என்று சொல்லிவிட்டேன், அது உண்மை. மூத்தவர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள், அதை இங்கே யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த இடத்தில் இளையவர்கள் இருவர் என்று எழுத உங்கள் படிப்பில் வழி இருக்கிறதா? பெரிய டாக்டரிடம் கேட்டுப் பார்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு யார் யார் வீட்டுக்குப் போவது என்று பேச்சு நடக்கிறது. காலையில் அம்மா பாம்பன் போவதாகவும், மத்தியானம் மாமா இங்கே வருவதாகவும் முடிவாகியிருக்கிறது. உனக்கு அந்த வாரம் லீவு கிடைக்காது என்று உன் அம்மா சொன்னாள். போன வருஷமும் அப்படித்தான் ஆனது. வேலை பெரியதுதான், நான் குறை சொல்லவில்லை, பெருமைதான் படுகிறேன். கிறிஸ்துமஸுக்கு முடியாவிட்டால் அதற்கு முன்னால் ஏதாவது ஒரு ஞாயிறு வந்துவிடு. அதற்கும் முன்னால் என்றாலும் சரி. எனக்கு எழுபத்திமூன்று, எனக்கு மேலே இன்னும் இரண்டு கை இருக்கிறது. உனக்கு உன் அம்மாவையும் சேர்த்தால் நான்கு. நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம், நீ வரிசையாகத் தலையைக் குனிந்துகொண்டு வந்தால் போதும். எண்ணிப் பார்த்து, டிக்கெட் எடு.

என் கண்ணே, நீ நீடூழி வாழ வேண்டும். உன் கண்ணும் காலும் கடைசி வரை உனக்கு உழைக்க வேண்டும். எத்தனை வயதானாலும் உன்னை "ஏலா" என்று அதட்ட ஒருத்தராவது உயிரோடு இருக்க வேண்டும். இந்தக் காகிதத்தின் கீழே நாங்கள் மூன்று பேரும் பெருவிரலால் சிலுவை போட்டிருக்கிறோம். இன்றும் இங்கே சாப்பிட வந்த மாமா மீன் கையைச் சரியாகக் கழுவவில்லை, வாடை அடித்தால் மன்னித்துவிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்.

உன் வரவுக்கு வழிபார்த்திருக்கும்
அம்மாச்சி
சலேத் மேரி