மதாம் பிலார் தங்குவாரா?

2 பிப்ரவரி 2025, ஞாயிறு
கைப்பேசியில் ஸ்பானிஷ் வகுப்பு. இன்று எதிர்காலம். வினைச்சொல்லின் வாலில் ஓர் 'ஏ' ஒட்டினால் போதும். தங்குவேன் – கேதாரே. இவ்வளவு சுலபமா?

விடுதி வரவேற்பு மேசையில் உட்காருகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்கிறார்கள் வீட்டில். மாடி அறைக்கு மதாம் பிலார் வந்து பத்து நாளாகிறது. ஸ்பெயின்காரர், அறுபதைத் தாண்டியவர், தனியாள். ஆங்கிலமும் பிரெஞ்சும் தெரியாது. என்னதான் பேசுகிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான்.

4 பிப்ரவரி
புரிந்துவிட்டது! பால்கனியிலிருந்து கடலைக் காட்டி, மூன்று விரலை நீட்டி, "கேதாரியா, த்ரேஸ் மேசெஸ்" என்றார். தங்குவேன், மூன்று மாதம்! முதலாளி ஞானமேரி அக்காவிடம் ஓடினேன்.
"அக்கா, மூணு மாசம் தங்குவாங்களாம்!"
"நெஜமாவா சரிதா? அப்ப அந்த ரூம வேற யாருக்கும் குடுக்காத."
பாரிஸிலிருந்து வரவிருந்த குடும்பத்தை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டோம்.

9 பிப்ரவரி, ஞாயிறு
இன்று 'இயா'. பேச, சாப்பிட, வாழ – மூன்று வகை வினைக்கும் ஒரே வால். ஆப்ளாரியா, கொமேரியா, பிவிரியா. வசதிப்பட்டால் பேசுவேன், சாப்பிடுவேன், வாழ்வேன். அந்த 'பட்டால்' வாலுக்குள்ளேயே இருக்கிறது! தமிழில் இரண்டுக்கும் வெறும் 'வேன்'தானே?
அப்படியென்றால் மதாம் அன்று சொன்ன கேதாரியா –
ஐயோ.

10 பிப்ரவரி
மதாம் பெட்டி கட்டுகிறார். புதன்கிழமை விமானம். அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்.
"தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானடி? வர்றவங்கள அனுப்பிட்டு நிக்கறேனே."
வேலை போய்விடுமோ? பயமாகத்தான் இருக்கு. ஆனாலும் மனசு வேறொன்றைக் குடைகிறது. தங்குவாராம் – எது இருந்தால்?

11 பிப்ரவரி
கேட்டே விட்டேன். "கே ஃபால்தா?" என்ன குறை?
"ஊனா கொசினா." ஒரு சமையலறை. பிறகு விரல்விட்டு எண்ணினார்: "கொசினாரியா, கொமேரியா, பிவிரியா." சமைப்பேன், சாப்பிடுவேன், வாழ்வேன். ஓட்டலில் தனியாக உட்கார்ந்து தின்று அலுத்துவிட்டதாம்.

அக்கா தன் அடுப்படிக்குள் என்னையே விடமாட்டார். ஆனாலும் மதாம் அங்கே சமைக்கட்டுமே என்று சொன்னேன்.
"என் அடுப்படியா? போடி!"
அரைமணி நேரம் கழித்து அவரே வந்தார்.
"மீன் ஆயத் தெரியுமான்னு கேளு."

14 பிப்ரவரி, வெள்ளி
மதாம் விமானத்தை மே மாதத்துக்கு மாற்றிவிட்டார்.
காலையில் குருசுக்குப்பத்துச் சங்கரா மீன் வந்தது. அடுப்படியில் ஒரே சத்தம். உப்புக்குச் சண்டை – அக்கா தமிழில், மதாம் ஸ்பானிஷில். உள்ளே போய் விளக்கலாமா என்று எழுந்தேன். அதற்குள் இருவரும் சிரிக்கும் சத்தம்.
என்னை யாரும் கூப்பிடவில்லை.