பன்னிரண்டாவது நாற்காலி

சேசு மரி சூசை துணை

மதுரை,
பெரிய சனிக்கிழமை, 1938

என் வீட்டுக்காரருக்கு,

தபசு நாட்கள் ஒருவழியாய் முடிந்தன. நாற்பது நாள் ஒருசந்தி நோன்பும் கோயில் பீடத்துணி வெளுப்பும் சேர்ந்து என் முழங்காலைத் தின்றுவிட்டன. கொழும்பிலிருந்து வந்தவர்கள், அங்கே உங்களுக்குச் சோறு பொங்குகிறவளைப் பற்றிச் சொன்னார்கள். நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

பெரிய வியாழனன்று, சீடர்களாய் உட்காருகிற பன்னிரண்டு பேருக்குச் சாமியார் பாதம் கழுவுகிற சடங்குக்குப் பதினோரு பேர் உடனே வந்து உட்கார்ந்தார்கள். பன்னிரண்டாவது நாற்காலி காட்டிக்கொடுத்த யூதாசுடையது என்று வழக்கம்போல யாரும் கிட்டே போகவில்லை. ஒன்பது வருஷம் சிரித்துக்கொண்டே அதில் உட்கார்ந்தவர் நீங்கள். "பொருத்தமான ஆளுதேன் உக்காந்திருந்திருக்கான்" என்று மணியடிக்கிற கோயில்பிள்ளை யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. என் அப்பா காதிலும் விழுந்திருக்க வேண்டும். எழுந்து போய் அதில் உட்கார்ந்துவிட்டார்.

நீங்கள் போன இந்த இரண்டு வருஷமாக உங்கள் பேச்சையே எடுக்காத மனுஷர் அவர். திரும்பும்போது என் கூடவே நடந்து வந்தார். வாசலுக்கு வந்ததும் நின்றார்.

"அந்த நாக்காலிக்கு ஒரு காலு ஆடுதும்மா. ஒம்பது வருசம் எப்பிடித்தேன் உக்காந்தாரோ மாப்ள."

நான் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

நேற்றுப் பெரிய வெள்ளி, ஆணி அடிக்கக் கூடாத நாள் என்று பொறுத்திருந்தார். இன்று பூசை முடிந்ததும் சுத்தியலை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய், அந்தக் காலைச் சரிசெய்துவிட்டு வந்தார்.

இனி ஆடாது. இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

இப்படிக்கு,
வீட்டில் இருப்பவள்