தனி அறைக்கு ஐந்து புள்ளி

இன்று மாலை விடுதித் தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவினார்கள். நெடி இன்னும் போகவில்லை. மற்றவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே தூங்கிவிட்டார்கள். எனக்கு உன் குரல்தான் கேட்டது: "ஆஸ்பத்திரி வாசம்டி, நல்லா இழுத்துக்க."

விளக்கைக் கட்டிலுக்கு அடியில் மறைத்து இதை எழுதுகிறேன். மேட்ரன் பார்த்தால் தொலைந்தேன்.

நாளை தாதிப் பயிற்சிக்கான சோதனை. கணக்கிலும் சுகாதாரத்திலும் நாற்பது நாற்பது புள்ளி வேண்டும். குறைந்தால் அப்பா என்னைத் தெமோதரை வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கல்யாணம் பேசிவிடுவார்.

போன வருடம் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து இருவரும் பாடம் ஒப்பித்தோமே! நான் கணக்கில் தடுமாறினால் தலையில் குட்டுவாய். ஒருநாள் காயப்போட்ட துணியெல்லாம் மறுபடி மழையில் நனைந்ததுகூடத் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தோம்.

வாந்திபேதி கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று, எனக்கு ஒரு வருடம் முன்பாக நீ எழுதிய சோதனையில் கேட்டிருந்தார்கள். நோயாளியைத் தனி அறையில் வைக்க வேண்டும் என்பது புத்தகத்தின் விடை. நீ எழுதியதோ, தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீட்டுக்கு ஒரே அறைதான், ஆகவே நோயில்லாதவர்களை வெளியே அனுப்ப வேண்டும் என்று.

"ஏன்டி இப்படி எழுதின?"

"புத்தகம் எழுதுனவரு வீட்டுல எட்டு அறை இருக்கும்டி. மடுல்சீமை லயத்துல நான் எங்க போய்த் தேடுறது?"

அந்த ஐந்து புள்ளியில் ஒன்றுகூட உனக்குத் தரவில்லை. சுகாதாரத்தில் மொத்தம் முப்பத்தேழு. "அடுத்த வருசம் வர்றேன், என் கட்டில யாருக்கும் குடுத்துடாத" என்று சொல்லி, பெட்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போனாய்.

ஐப்பசி மழையோடு உங்கள் லயத்துக்கு நோய் வந்தது. பெட்டியை வாங்க வந்த உன் அம்மாதான் சொன்னார்: "அவங்கப்பாவுக்குக் கண்டதும் எங்க எல்லாரையும் கொழுந்து மடுவத்துக்கு வெரட்டிட்டா, புள்ள. கிட்ட வந்தா திட்டுனா. ஒத்தையில கெடந்து பாத்தா. அவரு பொழச்சிட்டாரு. இவதான்..."

கொழுந்து நிறுக்கும் அந்த மடுவத்தில் கிடந்த உன் அம்மாவுக்கும் தங்கைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நாளை அதே கேள்வி வந்தால்? உன் விடைதான் சரி. அதை எழுதினால் நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கோபித்துக்கொள்ளாதே. தனி அறை என்றே எழுதப்போகிறேன். ஐந்து புள்ளியையும் வாங்கிக்கொள்கிறேன். பிறகு தாதியாகி எந்த லயத்து வாசலில் போய் நின்றாலும், வாயைத் திறந்ததும் சொல்லப்போவது இதுதான்: "சொகமா இருக்கிறவங்க எல்லாம் வெளிய வாங்க."