அவசரத்துக்கு ஒரு பெயர்

நவ. 3, திங்கள்

விடியும்போதே மழை. பத்து மணிக்குக் கிளினிக். படபடப்புக்குப் புது மாத்திரை, பீட்டா பிளாக்கர். இனிப்புநீருக்கு, அதான் சர்க்கரை வியாதிக்கு, மாத்திரை வழக்கம்போல. மருந்து கொடுக்கும் பெண் பொறுமையாகச் சொன்னாள். ஆபத்து என்றால் நரம்புகள் இதயத்தை ‘ஓடு ஓடு’ என்று விரட்டுமாம். இந்த மாத்திரை போட்டால் அந்த விரட்டல் இதயத்துக்குச் சரியாக எட்டாதாம்.

“ரத்தத்துல சீனி இறங்குனா இனிமே படபடன்னு அடிக்காது ஆன்ட்டி. கை நடுக்கமும் அவ்வளவா தெரியாது. வேர்வை மட்டும் வரும். பார்த்துக்குங்க.”

இந்த ஈப்போ வெக்கையில் வேர்க்காதவர் யார்?

ஒரு படிவம் தந்தாள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும்? மகன் பெயரை எழுதினேன்.

“வெளிநாட்டு நம்பர் லா ஆன்ட்டி. கிட்டக்க யாரும் இல்லையா?”

வீட்டில் யோசித்து எழுதி வருகிறேன் என்றேன்.

நவ. 5, புதன்

நாடி 58. போன வாரம் 104. சந்தையருகே நாய் துரத்தியது. ஓடினேன். நெஞ்சு கண்டுகொள்ளவே இல்லை. விரல்கள் மட்டும் ஜில்லென்று.

பல்பு, உப்பு வாங்க வேண்டும்.

படிவம் காலி. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி? காது கேட்காது. தோழி ரோஸி? கோலா கங்சார் ஊருக்கே போய்விட்டாள். மாதா கோயில் சாமியார்? மானம் போகும். வீட்டுக்காரர் இறந்து நாலு வருடம். இப்படி ஒரு கேள்வி வரும் என்று அன்று நினைக்கவில்லை.

நவ. 7, வெள்ளி

மகன் ஜோசப் போன் செய்தான். கிறிஸ்துமஸுக்கு வரமாட்டானாம்.

“லீவு கிடைக்கலம்மா. நீ நல்லாத்தானே இருக்க?”

நல்லா இருக்கேன் என்றேன். வைத்துவிட்டு அழுதேன். அழுது முடித்து நாடி பார்த்தேன். 60. முன்பெல்லாம் கூடவே அடித்துக்கொள்ள நெஞ்சாவது இருந்தது.

நவ. 9, ஞாயிறு

பூசை. நன்மை அப்பம் வாங்கும்வரை பச்சைத் தண்ணீர் மட்டும்தான். தோட்டத்தில் இருந்தபோதே அப்படி, ரப்பர் காட்டு வழியே வெறும் வயிற்றோடுதான் கோயிலுக்கு நடப்போம். ஆனால் சாப்பாட்டோடு போட வேண்டிய இனிப்புநீர் மாத்திரையை ஏழு மணிக்கே விழுங்கிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பூசை முடிந்து வழக்கமான ரொட்டிக் கடை. ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். நெஞ்சு நிதானமாக இருந்தது. கடைக்காரர் தட்டோடு நின்றுவிட்டார்.

“அக்கா, எல்லாரும் ஏர்கோன்ல குளிருதுங்கறாங்க. உங்களுக்கு ஏன் இப்படி ஊத்துது?”

நாக்கு குழறியது. அவரே பால் விடாத தே ஓ டீயில் சீனியை அள்ளிப் போட்டுக் கலக்கினார்.

“குடிங்க. எங்க வாப்பாவுக்கும் இனிப்புநீருதான். முழுசா குடிங்கக்கா.”

கொஞ்ச நேரத்தில் எதிரே இருந்த முகங்கள் தெளிந்தன.

“யாருக்குப் போன் போடணும், சொல்லுங்க.”

போனில் பாட்டரி இல்லை என்றேன். பொய். ரொட்டி சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்.

பயம் இப்போதுதான் வருகிறது. வீட்டில் இப்படி ஆகியிருந்தால்?

நவ. 10, திங்கள்

சாப்பிட்டுவிட்டு மாத்திரை. படிவத்தோடு கடைக்குப் போனேன். அதை நீட்டி விஷயத்தைச் சொன்னேன்.

“எழுதுங்க லா. இதுக்கா இவ்வளவு யோசனை? காலையில ஒம்பது மணிக்குள்ள நீங்க டீக்கு வரலன்னா நானே வந்து கதவத் தட்டுறேன்.”

“உங்க பேரு என்னண்ணே?”

ஆறு வருடமாக அங்கே டீ குடிக்கிறேன். சாகுல் என்றார். நம்பரையும் எழுதினேன்.

அடுத்த கட்டம்: உறவு. பேனா நின்றுவிட்டது. அவர் எட்டிப் பார்த்தார்.

“கடைன்னு போடுங்கக்கா.”

போட்டேன்.