வியாழக்கிழமை அளவுகள்

கோட்-டெ-நெய்ஜ்
2025 செப்டெம்பர் 19, வெள்ளி

இருட்டறை இளவரசன் யோசெப்புக்கு,

நான் நலம். உன்ர நலத்தைக் கேக்க மாட்டன், உன்ர அக்கா டிலானி எல்லாம் சொன்னா. தலை அடிபட்டதால போன் இல்லை, டிவி இல்லை, யன்னல் சீலையை இழுத்துவிட்ட அறை, ஒரு நாளைக்குப் பத்து நிமிசம் கடதாசியில வாசிக்கலாம். பிரெஞ்சு எழுத்தெல்லாம் ஆடுதாம், தமிழ் எழுத்து மட்டும் அசையாமல் நிக்குதாம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனதுக்காக அப்பாவுக்கு இண்டைக்கு நன்றி சொன்னன். மனுசன் பயந்துபோட்டார்.

உன்ர அக்கா வேலை செய்யிற ஆஸ்பத்திரி எங்கட தெருவில இருக்கிறதால இனித் தபால்காரியும் அவதான்.

முக்கிய செய்தி. கல்லூரி அணிக்காரரின்ர அளவுத்தாளைக் கோச் உடுப்பு மாத்துற அறைக் கதவில ஒட்டிப்போட்டார். புட்போலில பந்தைக் கையால பிடிக்கிற எங்கட இடத்துக்கு உயரம் 183 சென்ரிமீற்றர். நாற்பது யார் தூர ஓட்டம் 4.70 செக்கனுக்குள்ள. பத்துப் பந்து எறிஞ்சால் ஒன்பது கையில நிக்கோணும். நவம்பர் 2 ஞாயிறு ஆள் எடுக்க நேர வந்து பாப்பினமாம். அம்மா வாசிச்சிட்டு, "கலியாணத் தரகர்கூட இவ்வளவு கேக்கிறேல்லை" எண்டா. நான் 183, பத்துக்குப் பத்து, ஓட்டம் 4.71. செக்கனில நூறில ஒரு பங்குதான் பாக்கி. எனக்கு வேற வழியுமில்லை மச்சான். சோதனையில முட்டை எடுக்கிறவனுக்கு இந்த முட்டைப் பந்துதான் சோறு.

கோச்சின்ர தொப்பிக்குள்ள மா கொட்டினதுக்குத் தண்டனை தெரியும்தானே. வியாழக்கிழமை அளவெல்லாம் நான்தான் தாளில எழுதோணும். ரெண்டு வியாழன் வெறுமையா இருந்தால் பெயரை வெட்டுவினம். உன்ர வரி ஒரு வியாழன் வெறுமையாப் போச்சுது. அதால நேற்று நானே நிரப்பிவிட்டன். எவ்வளவு எண்டு சொல்ல மாட்டன், வந்து பார்.

பந்தோட ஓடின யோசெப், அடிபட்ட அண்டைக்கு, ஏன் நட்ட நடுவில நிண்டவன் எண்டு எல்லாரும் என்னைக் கேக்கினம். எனக்கும் தெரியாது.

இப்படிக்கு,
இன்னும் பிடிபடாத பிருந்தன்


புவாண்ட்-கிளேர்
செப்டெம்பர் 24

பிருந்தன்,

வியாழக்கிழமை பின்னேரம் படுத்திருக்கேக்க என்ர கால் ரெண்டும் ஓடினது. கனவில்லை, கண் திறந்துதான் இருந்தது. முதல் ஒரு விசில். பேந்து ஓட்டம். பேந்து ஆரோ பிரெஞ்சில ஒரு எண் சொல்லிச்சினம். 4.92.

அக்கா வந்து போர்வையை விலத்திப் பாத்தா. உள்ளங்காலில புல்லு ஒட்டியிருந்தது. நான் வெளியில போய் ரெண்டு கிழமை.

நீ எழுதினது அதுவோ?

யோசெப்


கோட்-டெ-நெய்ஜ்
செப்டெம்பர் 27, சனி

மச்சான்,

பகிடி விடுறது என்ர வேலை. அந்த இடத்துக்கு ஆள் தேவையில்லை.

எண்டு எழுதிப்போட்டுத் தாளைத் திரும்ப எடுத்துப் பாத்தன். 4.92தான்.

அக்காவைப் பஸ் தரிப்பில பிடிச்சன். "அக்கா, என்ர தாளைக் கீளைப் பாத்தனீங்களோ?"

"பன்னிரண்டு மணித்தியாலம் நிண்டிட்டு வாறன் தம்பி. எனக்கு உங்கட தாளும் வேண்டாம் தோளும் வேண்டாம்."

"அப்ப அந்தப் புல்லு?"

"அதைக் கேக்காதை" எண்டிட்டு ஏறிப் போட்டா. அவ பகிடிக்குச் சொன்னமாதிரித் தெரியேல்லை.

நேற்று முந்தினநாள் உனக்குப் புது எண் எழுதினன். உயரத்தையும் கொஞ்சம் இழுத்துவிட்டன். ஒருத்தருக்கும் காட்டேல்லை. ஒரு துண்டில எழுதி மடிச்சு இடது சப்பாத்துக்குள்ள வைச்சிருக்கிறன். இப்ப சொல்லு பாப்பம்.

என்ர கதை வேற. 4.80 ஓடினன். மணிக்கூடு பழுதெண்டு கோச் மூண்டு தரம் ஓடவிட்டார், மூண்டு தரமும் 4.80. உயரம் 181. அப்பா, "வளர்ற வயசில தேயிறியேடா" எண்டார். நிலவே தேயுது, நான் தேஞ்சால் என்ன எண்டன். ஆனால் கை அப்படியே இருக்கு, பத்துக்குப் பத்து. கால் விட்டாலும் கை என்னைக் கைவிடாது.

இப்படிக்கு,
தேய்பிறைப் பிருந்தன்


புவாண்ட்-கிளேர்
ஒக்டோபர் 1

பிருந்தன்,

4.83. உயரம் 181. சப்பாத்தைக் கழட்டிப் பார்.

அக்கா என்னைக் கதவு நிலையில நிப்பாட்டிப் பென்சிலால கோடு போட்டா. போன மாதம் 178. காற்சட்டை கணுக்காலுக்கு மேல நிக்குது.

எப்பவும் விசில்தான் முதல் கேக்குது. கோச்சின்ர விசில் வெட்டினமாதிரி நிக்கும். இது கடைசியில கொஞ்சம் மேல ஏறுது. வாயால அடிக்கிற விசில்.

அது ஆர்ர எண்டு உனக்குத் தெரியுமோ?

யோசெப்


கோட்-டெ-நெய்ஜ்
ஒக்டோபர் 24, வெள்ளி

யோசெப்,

உனக்குப் பதில் மூண்டு கிழமை எழுதேல்லை. பேனை இருந்தது, ஆள்தான் இல்லை.

நேற்று அளந்தது: 5.12. உயரம் 176. தம்பியின்ர காற்சட்டை போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போறன். பொடியள் நான் நடந்து போகேக்க பகிடி விடுறதை நிப்பாட்டிட்டினம், அதுதான் பயமாயிருக்கு. பந்து மட்டும் இன்னும் பிடிபடுது. பத்துக்குப் பத்து.

விசில் என்ர.

கோச் மாதிரி அடிச்சு மைதானம் முழுக்க நிப்பாட்டிக் காட்டுவம், எல்லாரும் சிரிப்பினம் எண்டு நினைச்சன். ஒருத்தனும் நிக்கேல்லை. நீ மட்டும் நிண்டாய். ஏனெண்டால் எங்களுக்குள்ள சொல்லுக் கேக்கிறவன் நீ ஒருத்தன்தான். பின்னால வந்தவன் உன்னில மோதின சத்தம் இப்பவும் என்ர பல்லுக்குள்ள இருக்கு.

அதுக்காகத்தான் உன்ர வரியைக் கூட்டிக் கூட்டி எழுதினன். நேற்று 4.70, 183 எண்டு போட்டன். இப்ப நீ அந்தக் கதவுத் தாளில இருக்கிற அளவு. முதல் கிழமை நீ ஒன்பது கூடினாய், நான் ஒன்பது குறைஞ்சன். என்னில இருந்துதான் உனக்குப் போகுது போல. பரவாயில்லை எண்டு எழுதப் பாத்தன், ஏலேல்லை. பரவாயிருக்கு மச்சான். எனக்கு அந்த இடம் வேணும்.

இப்படிக்கு,
பிடிபட்ட பிருந்தன்


புவாண்ட்-கிளேர்
ஒக்டோபர் 29

பிருந்தன்,

கணக்குப் பிழை. நான் கூடினது மொத்தம் இருபத்திரண்டு. நீ குறைஞ்சது நாற்பத்தொண்டு. உன்னில இருந்து எனக்கு ஒண்டும் வரேல்லை.

ஆஸ்பத்திரியில கண் முழிச்ச அண்டைக்கே எனக்குத் தெரியும். ஆறு வருசமா உன்ர விசிலுக்குப் பக்கத்தில இருந்திருக்கிறன். நீயே சொல்லுவாய் எண்டு பாத்தன். முதல் கடிதத்தில "எனக்கும் தெரியாது" எண்டு எழுதினாய். அதை வாசிச்சிட்டு, சுவரில இருந்த மாதா படக் கலண்டரைத் திருப்பி, பின்பக்கத்தில உன்ர பெயரைப் போட்டு 4.80, 181 எண்டு எழுதினன். சும்மா கோபத்துக்கு.

நீ தேயிறாய் எண்டு எழுதினாய். அதோட நான் நிப்பாட்டியிருக்கலாம். நான் ஒவ்வொரு வியாழனும் எழுதினன்.

யோசெப்


கோட்-டெ-நெய்ஜ்
ஒக்டோபர் 31, வெள்ளி

யோசெப்,

உன்னோட கோவிக்க ஒரு நாள் முழுக்க முயற்சி செய்தன். வரேல்லை.

நேற்று என்ர வரியில நானே 4.70 எண்டு எழுதிப் பாத்தன். ஓடினது 5.12. எழுதின மை காயவுமில்லை, துடைக்க அப்படியே விரலில வந்திட்டுது. எங்களை நாங்கள் எழுத ஏலாது போல.

ஞாயிற்றுக்கிழமைத் தாளை இதோட வைச்சிருக்கிறன். உன்ர வரியை நிரப்பிட்டன், கல்லூரிக்காரர் கேட்ட அளவெல்லாம் இருக்கு. என்ர வரி வெறுமை. பேனையும் உள்ள இருக்கு. எழுதித் தா எண்டு கேக்க எனக்கு வாயில்லை, அது விசிலடிச்ச வாய்.

எழுதுறதெண்டால் ஆறுதலா எழுது. நீ எழுதுறது எனக்குக் காலில தெரியும்.

உன்ர,
பிருந்தன்


புவாண்ட்-கிளேர்
நவம்பர் 1

பிருந்தன்,

எழுதிட்டன். உயரம் 183. ஓட்டம் 4.70. நான் எடுத்ததைத் திருப்பித் தாறன், அந்த நூறில ஒரு பங்கு என்ர கணக்கில.

என்ர வரியை வெட்டிட்டன். மார்கழி முடியுமட்டும் ஓடக் கூடாதெண்டு டொக்டர் எழுதியிருக்கிறார். அவற்ற பேனைக்கு முன்னால உன்ர பேனை வேண்டாம். கோடு இழுத்து முடிய, காற்சட்டை திரும்பக் கணுக்காலை மூடினது.

மிச்சம் ஒரு பெட்டி. பத்துப் பந்தில எத்தினை. பத்து எண்டு எழுதத்தான் பேனையை எடுத்தன். 1 எழுதினன். உன்னில இன்னும் கோபம் மிச்சம் போல, பக்கத்தில சுழியம் போடக் கை போகேல்லை. என்ர பத்து நிமிசமும் முடிஞ்சு, இன்னும் ஒரு மணித்தியாலம் கண்ணை மூடிக்கொண்டு இருந்து பாத்தன். வரேல்லை.

நாளைக்கு நீ எல்லாரையும் விட வேகமா ஓடுவாய். ஒரு பந்துதான் கையில நிக்கும். அவையள் உன்னை எடுக்க மாட்டினம். சித்திரையில திரும்ப வந்து பாப்பினமாம்.

வியாழக்கிழமையில பஸ் எடுத்து வா. லைற் போட ஏலாது, இருந்து கதைக்கலாம். வாற ஒவ்வொரு வியாழனும் ஒண்டு கூட்டிப் பாக்கிறன். பொய்யாக் கூட்ட மாட்டன்.

இதை எழுதேக்க யன்னலுக்கு வெளியில விசில் கேட்டது. கடைசியில மேல ஏறுற விசில். நீயெண்டால் நிப்பாட்டு. நீ இல்லையெண்டால், நாளைக்கு ஓடேக்க அதைக் கேட்டு நிண்டுபோடாதை.

யோசெப்