ரெண்டு ஆர்வில், ஒரு நெஞ்சுவலி

ஆர்வில்,

நான் வேலைக்குப் போறேன். அடுப்புல பீன்ஸ் இருக்கு. ராத்திரி சாப்பாட்டுக்கு உங்கப்பாவை வரச் சொல்லியிருக்கேன். அவர் வந்தப்புறம் சோளரொட்டியைச் சூடு பண்ணு.

உன் பேர்ல நிக்குதுன்னு சொல்லி நம்ம வேன் லோனைக் கெடுத்த அந்த ஆஸ்பத்திரி பாக்கி யாரோடதுன்னு தெரிஞ்சுபோச்சு. "நீதான் எங்கேயோ போய் என் பேரைக் கொடுத்துட்டு வந்திருக்கே"ன்னு நேத்து துப்பறிஞ்சியே, பெரிய மூளை! வசூல் கம்பெனிக்கு போன் போட்டேன். நோயாளி பேரு ஆர்வில் ஸ்டாம்பர், பொறந்தது 1953னு சொன்னாங்க. நீ காலையில எழுந்து வர்ற அழகுக்கு எழுபது வயசு சொல்லலாம்தான். ஆனா மார்ச்சுல நெஞ்சுவலின்னு படுத்திருந்தது நீ இல்லையே. தன் பேரையே பிள்ளைக்கும் வெச்ச மகராசன்தான்.

மார்ச்சுல அவர் மீன் பிடிக்கப் போனதாச் சொன்னாரு. ஒரு மீனும் வீட்டுக்கு வரலை.

நீ ஒரு டாலர்கூடக் கட்டாதே. கட்டினா உன் கடன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். இது உன்னோடது இல்லைன்னு கடிதம் எழுதி மேஜைமேல வெச்சிருக்கேன். கையெழுத்துப் போட்டு, உன் பொறந்த தேதி இருக்கிற லைசன்ஸ் நகலோட பதிவுத் தபால்ல அனுப்பு. எனக்கு வரவேண்டிய மன்னிப்புக் கடிதத்தை நேர்லயே கொடுக்கலாம், தபால்தலை மிச்சம்.

மார்லா

பி.கு: அவர் வந்ததும் பாக்கியைப் பத்தி ஆரம்பிக்காதே. நெஞ்சு எப்படி இருக்குன்னு முதல்ல கேளு. பீன்ஸ்ல பன்னிக்கறி போடலை. ஏன்னு அவர் கேட்டா, மார்ச்சுல பிடிச்ச அந்த மீனைக் கேக்கச் சொல்லு.

இன்னொண்ணு: பையன் பொறந்தா மூணாவது ஆர்வில்னு பேர் வைக்கிறதா அப்பாவும் நீயும் பேசி முடிச்சிட்டீங்களாமே. தாராளமா வைங்க, நீங்க ரெண்டு பேரும் பெத்துக்கிற பிள்ளைக்கு.